ஃபிரிட்ஜில் இருந்த மருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் அரசு மருத்துவமனைகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தது, கடைசிப் பத்தியில் ஒரு வரியை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில். ‘உள்ளூர் மருத்துவமனையை ஒதுக்கிவிட்டு எதற்கெடுத்தாலும் ஜிப்மருக்கு ஓடும் கிராம மக்களின் மனநிலை மாற வேண்டும்.’ சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

நான் கடலூர்–புதுச்சேரி தடத்தில் 26 வருஷம் கண்டக்டராக இருந்தவன். விடியற்காலை முதல் ட்ரிப்பில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மடியில் மஞ்சள் பை இருக்கும். உள்ளே பழைய சீட்டு, எக்ஸ்ரே கவர், தூக்குவாளியில் இட்லி. ரெட்டிச்சாவடி வருவதற்குள், “ஓ.பி. சீட்டு தர்ற நேரத்துக்குப் போயிடுவமா கண்டக்டரே?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைய கூலியை விட்டு, மூன்று மணிக்கு எழுந்து, பஸ் மாறி மாறி வந்தவர்கள். இதற்குப் பெயர் ஓட்டம் என்று தங்கள் கட்டுரையில்தான் தெரிந்துகொண்டேன். (அதே பஸ்ஸில் வந்து புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் இறங்கி வேறு வகை மருந்து வாங்கித் திரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் மனநிலையைப் பற்றி எழுதுங்கள், கை தட்டுகிறேன்.)

இந்த வருஷம் மாசியில் நாங்களும் ஓடினோம். எங்களுடையது பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர். கொட்டை பொறுக்குவதற்கு முன்னால் மரத்தடிச் சருகைக் கூட்டி ஒதுக்குவது வழக்கம். பொழுது சாயும் நேரம், சருகை அள்ளப்போன என் தம்பி மனைவியைப் புறங்கையில் கண்ணாடி விரியன் போட்டுவிட்டது. பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பத்து நிமிஷத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். மந்திரிக்கவில்லை, கயிறு கட்டவில்லை, கீறவில்லை. தங்களைப் போன்றவர்கள் வருஷக்கணக்காக எழுதிய விழிப்புணர்வை அப்படியே கடைப்பிடித்தோம்.

டாக்டர் இல்லை. நர்ஸ் ஒருவர்தான். டி.டி. ஊசி போட்டார், சலைன் ஏற்றினார், டாக்டருக்கு நாலு தடவை போன் போட்டார். விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. “ஃபிரிட்ஜ்ல இருக்குங்க ஐயா. டாக்டர் இல்லாம போட்டு ரியாக்‌ஷன் ஆயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?” நியாயமான பயம். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையாகி உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு என் கண்ணில் பட்டது இரண்டுதான். தொட்டுவிடும் தூரத்தில் ஃபிரிட்ஜ். எதிரே, பல் ஈறில் கசியும் ரத்தத்தை முந்தானையில் ஒற்றி ஒற்றிப் பார்க்கும் தம்பி மனைவி. 108 வேறொரு கேசுக்குப் போயிருந்தது. வந்து சேர முக்கால் மணி நேரம்.

ஜிப்மரில் ஒரு சின்னப் பையன் மாதிரி இருந்த டாக்டர் முதலில் செய்தது என்ன தெரியுமா? கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைத்துவிட்டு மணி பார்த்தார். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்தார். உறையாமல் தண்ணீராக ஓடியது. “இதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேணாங்க, ஒரு கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் போதும்” என்றார். முதல் தவணையிலேயே குப்பி குப்பியாக மருந்து ஏறியது. விரியன் விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டதால் மூன்று முறை டயாலிசிஸ். பதினோரு நாள். பிழைத்துக்கொண்டாள்.

தாங்கள் அறியாததல்ல. விஷமுறிவு மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் உள்ள, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த பாம்பின் விஷம் கம்பெனிக்குப் போய், குதிரை உடம்பில் ஏறி, மருந்தாகி, குப்பிகளாகி, அரசு வாங்கி, எங்கள் ஊர் வரை வந்துவிடுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து கட்டிலுக்கு ஆறு அடிதான் வர முடியவில்லை. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். எங்கள் கேசும் தெரிவிக்கப்பட்டிருக்கும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வருகிறது, என் மனைவிக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதை மறைக்கமாட்டேன். பாம்பு தேடி வருகிற அன்றைக்கு மட்டும் நாங்கள்தான் மருத்துவத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இது ஒரு நாள் கதை என்று நினைத்துவிட வேண்டாம். போன வருஷம் பேரனை நாய் கடித்தது. தோலுக்குள் போடும் வெறிநாய் ஊசியில் ஒரு குப்பி நாலைந்து பேருக்கு வருமாம், உடைத்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டுமாம். அதனால் “இன்னும் ரெண்டு பேர் வரட்டும்” என்று உட்காரவைத்தார்கள். ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேர்ப்பது பார்த்திருக்கிறேன், நாய்க்கடிக்கு ஆள் சேர்ப்பதை அன்றுதான் பார்த்தேன். மதியம் வரை யாரையும் நாய் கடிக்கவில்லை.

இதே ஆஸ்பத்திரிதான், 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த அன்று, சாலையெல்லாம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்தபோது, டார்ச் வெளிச்சத்தில் என் அக்கா மகளுக்குப் பிரசவம் பார்த்தது. அப்போது டாக்டர் வளாகத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். கதவைத் தட்டினால் லுங்கியோடு வருவார். இன்றைக்கு அந்தக் குவார்ட்டர்ஸ் பூட்டு துருப்பிடித்து, சன்ஷேடில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. டாக்டர் கடலூரிலிருந்து வந்து போகிறார். அவருக்கும் பிள்ளைகள் படிப்பு இருக்கும், தப்பு சொல்லவில்லை. ஆனால் வாசல் போர்டில் ‘24 மணி நேரமும்’ என்று எழுதியிருக்கிறதே, அதைப் படித்துவிட்டுத்தானே வண்டியை உள்ளே திருப்பினோம்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் கடைசியாக எழுதியது போலியோ சொட்டு மருந்து முகாம் தேதி. தினமும் சாயங்காலம் அதில் இரண்டு வரி எழுதட்டும்: இன்று இரவு டாக்டர் இருக்கிறாரா இல்லையா, பாம்புக்கடி மருந்து போடுவார்களா மாட்டார்களா. இல்லை என்றால் இல்லை என்றே எழுதட்டும். சுண்ணாம்புக்கட்டி நான் வாங்கித் தருகிறேன். முக்கால் மணி நேரம் மிச்சமாகும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். ஊர் தெரிந்தால் மெமோ வாங்கப்போவது யார் என்று தங்களுக்குத் தெரியும். அந்த நர்ஸ் அன்று ராத்திரி பதினொரு மணிக்கு என் தம்பிக்கு போன் செய்து, “அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டவர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
கடலூர் மாவட்டம்.