அந்த எட்டு விழுக்காடு யார் கையிலிருந்து வருகிறது?

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

ஜோகூரிலிருந்து நீ அனுப்பிய குரல் பதிவை அம்மா தூங்கின பிறகு உட்கார்ந்து கேட்டேன். கடன் வாங்கியாவது ஒரு நிறுவனத்தில் பணம் போடு, மாதம் 8 விழுக்காடு லாபம் வரும் என்கிற உன் நண்பர் நன்றாகப் பேசுகிறார். இதுதான் பொய் என்று ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் காட்ட முடியவில்லை, எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். நம் நாட்டு ஊழியர் சேமநிதியான இபிஎஃப் 2024-க்குக் கொடுத்த ஈவுத்தொகை 6.30 விழுக்காடு, உண்மை. விலைவாசி ஏறுகிறது, உண்மை. அவருடைய மச்சானுக்கு மாதம் 8 விழுக்காடு கைக்கு வருகிறது, அதையும் நம்புகிறேன். ஆனால் மூன்றையும் அடுக்கி வைத்தாலும் 'அதனால் நீயும் போடு' என்பது வராது. நடுவில் ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறார்: அந்த 8 விழுக்காடு யார் கையிலிருந்து வருகிறது?

மச்சான் பணம் வந்ததற்குத்தான் சாட்சி. எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்தை எடுத்துக் கொடுத்தாலும் அவர் கணக்கில் இப்படித்தான் விழும்.

1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவன் இதைத்தான் செய்தான். 45 நாளில் 50 விழுக்காடு லாபம் என்றான். காரணமும் வைத்திருந்தான்: பதில் தபாலுக்கான கூப்பனை வெளிநாட்டில் மலிவாக வாங்கி, அமெரிக்காவில் அதிக மதிப்புள்ள தபால்தலையாக மாற்றலாம். அந்த விலை வித்தியாசம் நிஜமாகவே இருந்தது. முதலில் சேர்ந்தவர்களுக்குச் சொன்னபடி பணமும் வந்தது. போலீஸ்காரர்கள்கூடப் போட்டார்கள். ஆனால் அவன் வாங்கிய பணத்துக்கு ஏறக்குறைய 16 கோடி கூப்பன் வேண்டும். புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27,000. ஒரு கூப்பனுக்குச் சரியாக வந்த கணக்கு, ஊர்ப் பணம் முழுவதுக்கும் வரவில்லை.

நீயும் அப்படிக் கணக்குப் போட்டுப் பார். மாதம் 8 விழுக்காட்டை எடுக்காமல் அதிலேயே விட்டால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) ஒரு வருடத்தில் 25,000-ஐத் தாண்டும், ஐந்து வருடத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். அப்படி ஒரு தொழில் இருந்தால் வங்கிகளே வரிசையில் நிற்குமே, உன்னை எதற்குக் கடன் வாங்கிப் போடச் சொல்ல வேண்டும்? கடன் தவணையைக் கட்டியும் மிச்சம் வரும் என்கிறார். சரி, அவர்கள் கொடுக்கும்வரை வரும். அவர்கள் நிறுத்தினால் வங்கி நிறுத்தாது.

எனக்கு ரொம்ப வலித்தது, 'தோட்டப் புத்தியை விட்டு வெளியே வா' என்று அவர் சொன்ன இடம். பணம் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சை, உனக்குத் தைரியம் இருக்கிறதா என்ற பேச்சாக மாற்றிவிட்டார். அப்புறம் நீ எதைக் கேட்டாலும் கோழை. தம்பி, வெள்ளைக்காரர்களின் ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன காலத்தில், 1960-ல், அப்போது அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. உன் தாத்தாவும் பங்கு போட்டவர்தான். எந்த நிலம், எத்தனை மரம், வருமானம் எதிலிருந்து என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டார். அதுவும் தோட்டப் புத்திதான்.

நம் நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இல்லை என்று நண்பர் சொல்லக்கூடும். பட்டியலில் இன்னும் ஏறவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். உரிமம் இருக்கிறதா என்று, முதலீட்டு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனில் நீயே நேராக விசாரி. லாபம் எந்தத் தொழிலில் வருகிறது, அதன் தணிக்கைக் கணக்கு எங்கே என்று நண்பரிடம் எழுத்தில் கேள். வரும் பதிலை அப்படியே எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம். அதுவரை கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதே. அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா