அண்ணாவுக்கு, மாமியின் முப்பத்தொன்றுக்கு முதல் நாள்

அண்ணா,

அப்பாவின் அக்கா, நம்மை வளர்த்த மாமி, கண்மூடி நாளைக்கு முப்பத்தொன்று. ஐயருக்குச் சொல்லியாயிற்று, நீங்கள் அனுப்பிய காசும் கிடைத்தது. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன், அல்லது நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று கோபம் வரும். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நம் வீட்டுக் கதை மட்டும் என்றால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன்.

போன வருடம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடமாடும் சேவை நடந்தபோது மாமியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது கடந்தவர்களுக்கான கொடுப்பனவு விஷயம். அவர் பதிந்திருந்தது ஒரு கிராம சேவையாளர் பிரிவில், அப்போது இருந்தது இன்னொன்றில். அதைச் சரிசெய்யத்தான் போனோம். மேசையில் இருந்தது சின்னப் பிள்ளை, புதிதாக வேலைக்கு வந்தவள் போல. நல்ல மரியாதையாகத்தான் கேட்டாள்.

“எங்கையம்மா இருக்கிறியள்?”

மாமி விரல் விட்டு எண்ணினார். “தர்மபுரத்திலை தங்கச்சி வீட்டிலை கொஞ்ச நாள். பிறகு முள்ளியவளையிலை. இப்ப இவளோடை வந்து நிக்கிறன்.”

“அப்ப நிரந்தர முகவரி?”

மாமி என்னைப் பார்த்தார். “வட்டக்கச்சி” என்று தொடங்கி, உடனே, “இல்லைப் பிள்ளை, அது தம்பியின்ர மகன்ர வீடு” என்றார். நான் என் முகவரியைச் சொன்னேன். மாமி என் கையைப் பிடித்து அமத்தினார். “வேண்டாம். உன்ர மாமியார் என்ன நினைப்பா.” பிறகு அந்தப் பிள்ளையிடம், “அதை எழுதாமல் விடுங்கோ” என்றார்.

எழுதாமல் விட முடியாதே. வேறு ஏதாவது கடதாசி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். மாமி பொலித்தீன் பைக்குள் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, அடியில், போர் முடிவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் அட்டை. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருந்தார். அப்பம்மாவின் பெயரும் மாமியின் பெயரும், இரண்டே பேர். அந்த முகாமை மூடியது 2012இல். அதன் அட்டையை இத்தனை வருடம் ஏன் வைத்திருந்தார் என்று எனக்கு அந்த மேசையடியில்தான் உறைத்தது. தன் பெயரில் ஓர் இருப்பிடம் என்று மாமிக்கு வாய்த்தது செட்டிகுளத்துத் தறப்பாள் கொட்டில் ஒன்றுதான்.

வீடில்லாதவர் என்றால் நம் ஆட்களுக்குக் கொழும்பில் கடைவாசலில் படுத்திருப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எங்கள் பக்கத்தில் வயது போனவர்கள் யாரோ ஒருவருடைய விறாந்தையில் படுக்கிறார்கள், பிறகு அடுத்தவருடைய பத்தியில். “அவ மகளோடை நிக்கிறா, பெறாமகளோடை நிக்கிறா” என்று ஊர் சொல்லும், கணக்கும் அப்படியே முடிந்துவிடும். மாமி எந்த வீட்டுக்குப் போனாலும் தன் சில்வர் பேணியையும் கோப்பையையும் கொண்டுதான் போவார். தேத்தண்ணி குடித்ததும் தானே கழுவி, குசினி மூலையில் கவிழ்த்து வைப்பார். தர்மபுரத்துச் சின்ன மாமியின் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கிடைத்துக் கட்டியது. அந்தக் காணியில் மாமியின் பங்கும் இருந்தது, சின்ன மாமியின் சீதனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதே வீட்டில் பேணியைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார். அங்கிருந்து கடைசியாக ஏன் புறப்பட்டார் என்பதை இங்கே எழுதமாட்டேன். அவர்களின் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள்.

நம் பெர்மிட் காணி மாமிக்குப் போகாததற்கு அப்பாவைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அப்படிப்பட்ட காணிக்குப் பின்னுரித்தாளர், அதாவது அடுத்து உரிமை பெறுபவர், என்றால் மூத்த மகன் என்றுதான் அந்தக் காலத்து ஆட்கள் நினைத்தார்கள். 1935ஆம் ஆண்டுக் காணிச் சட்டமே, பெயர் குறிக்காமல் விட்டால் மூத்த மகனுக்கு என்றுதான் வைத்திருந்தது. ஆண் பெண் வித்தியாசத்தை 2022இல்தான் எடுத்தார்கள். எடுத்தும் மாமிக்கு என்ன? கட்டாத சகோதரிக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் பிறகுதான் இடம். 2000ஆம் ஆண்டு மூத்தோர் உரிமைச் சட்டத்தில், பிள்ளைகள் பார்க்காவிட்டால் பெற்றவர்கள் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். மாமி பெறவில்லை, வளர்த்தார். வளர்த்தவர் யாரிடம் முறையிடுவது? பிள்ளைகள் இல்லாத ஆதரவற்ற முதியவர்களுக்கு இருப்பிடம் கொடுப்பது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் நாங்கள் இத்தனை பேர் இருக்கும்போது அவரை ஆதரவற்றவர் என்று எந்த அதிகாரி எழுதுவார்?

நான் ஏன் வைத்திருக்கவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். இரண்டு அறை, படுக்கையில் மாமியார், சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள். நில் என்றுதான் சொன்னேன். அவர் நிற்கவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு என்று போனவர் திரும்பி வராமல் அந்தப் பக்கத்து மடம் ஒன்றிலேயே தங்கிவிட்டார். நான் போய்க் கூப்பிட்டபோது, “இஞ்சை ஒருத்தரும் ஒருத்தருக்கும் பாரமில்லைப் பிள்ளை” என்றார்.

உங்கள் வட்டக்கச்சி வீடு பூட்டிக் கிடந்தது அண்ணா. மாபிள் போட்ட வீடு. மாதம் ஒருமுறை போய்க் கூட்டிக் கழுவி, விளக்கு வைத்துவிட்டு வருவது நான். மாமி கேட்டது பின்பக்க அறை ஒன்று. தனியாக விழுந்து கிழுந்து போனால் யார் பார்ப்பது என்றீர்கள். அந்தப் பயம் உண்மை என்று எனக்குத் தெரியும், அப்பம்மா கிணற்றடியில் விழுந்த பிறகு அந்தப் பயம் நம் எல்லோருக்கும் உண்டு. வெளிநாட்டுப் பனியில் இரண்டு வேலை செய்து கட்டிய வீடு, ஆள் இருந்தால் பழுதாகும் என்றும் நினைத்திருப்பீர்கள். அதுவும் விளங்குகிறது. ஆனால் மடத்துச் சீமெந்து நிலத்தில் விழுந்தால் மட்டும் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தீர்கள்? உங்களை அனுப்ப யாருடைய காப்பும் சங்கிலியும் போனது என்பதை நான் இழுக்கவில்லை. நீங்கள் மறக்கிற ஆள் இல்லை. உங்கள் கல்யாணப் படத்தைச் சீலைக்குள் மடித்து வைத்திருந்தார். வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம், “இவன் என்ர மடியிலை வளந்தவன்” என்று காட்டுவாராம். ஒருநாள்கூட உங்களைக் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் அது பொறுக்கவில்லை.

இதைச் சொன்னது மாமியோடு அங்கே படுத்த இரண்டு அம்மாக்கள். ஒருவருக்கு யாருமே மிஞ்சவில்லை. மற்றவருக்கு மகன் இருக்கிறார், பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும், சொல்லமாட்டேன். கடைசி இரவில் மாமிக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

முப்பத்தொன்று முடிந்த கையோடு அவர்களை வட்டக்கச்சிக்குக் கூட்டி வருகிறேன். பின்பக்க இரண்டு அறைகளும் அவர்களுக்கு. உங்களிடம் கேட்கவில்லை, அறிவிக்கிறேன். பக்கத்து வளவு ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன், காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பார்கள். கிணற்றடிக்குக் கைபிடிக் கம்பி அடிக்க மேசனுக்கும் சொல்லியாயிற்று.

உங்களிடம் வேண்டியது ஒரு கடிதம். இந்த இரண்டு பேரும் என் சம்மதத்தோடு இந்த வீட்டில் வசிக்கிறார்கள் என்று கிராம சேவையாளருக்கு எழுதி, ஒப்பம் வைத்து அனுப்புங்கள். அது இருந்தால் அவர்களை இங்கே பதியக் கேட்கலாம், கொடுப்பனவையும் இந்தப் பக்கத்துக்கு மாற்றக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், கையால் எழுதியது தபாலில் வரட்டும். தண்ணி மோட்டர் பழுது, அதை நானே பார்த்துக்கொள்கிறேன். டிசம்பரில் நீங்கள் வந்தால் முன் அறை உங்களுக்குத் துப்பரவாக இருக்கும்.

தங்கச்சி