கல்லடி மூன்று ஒழுங்கைப் பாதுகாப்பு வேலை: நிறைவு அறிக்கையும் செலவு விளக்கமும்

அங்கத்தவர்களுக்கு,

எட்டுக் கமராவுக்கும் பதினாலு லைட்டுக்கும் ஏழு இலட்சத்துக்கு மேலா என்ற கேள்வி கூட்டத்தில் மூன்று தரமும் தேத்தண்ணிக் கடையில் அதைவிடக் கூடவும் கேட்கப்பட்டது. கேட்டதில் பிழையில்லை. மதிப்பீடு 640,000 ரூபா, முடியும்போது 734,500. மேலதிகமாகப் போன 94,500 ரூபாவுக்குத்தான் இந்த அறிக்கையின் பெரும்பங்கு. மற்றவை சொன்ன காசுக்குள் முடிந்தன: 14 எல்.ஈ.டி. விளக்குகள் மதில் தூண்களில் பூட்டப்பட்டன, பூட்டிக் கிடந்த இரண்டு வளவுகள் துப்புரவாக்கப்பட்டன, விளக்கை மறைத்த கிளைகள் வெட்டப்பட்டன, 31 வீடுகளின் பின்கதவுக் கொண்டிகள் மாற்றப்பட்டன.

கொண்டியைப் பற்றி மட்டும் ஒரு சொல். பழையவை அரை அங்குலத் திருகாணியில் நின்றன. ஆணித் தலையும் வெளிப்பக்கம். அதில் எவ்வளவு விலைக்கு ஆமைப்பூட்டைப் போட்டாலும் திருடன் பூட்டைத் தொடமாட்டான், திருகாணியைக் கழற்றிவிட்டு உள்ளே வருவான். இப்போது கதவை ஊடுருவும் போல்ட், வெளியே உருண்டைத் தலை, உள்ளே நட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கிற எங்கள் ஊரில் சாதாரண இரும்பு போட்டால் இரண்டு மாரிக்குள் கறள் தின்றுவிடும். அதனால் எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு.

இனிக் கேபிள்.

ஒப்பந்தக்காரர் வேலையை முடித்து, பகல் பதினொரு மணிக்குத் திரையில் எட்டுப் படத்தையும் காட்டி, மீதிக் காசைக் கேட்டார். எட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவு. இரவும் பார்த்த பிறகுதான் காசு என்று குழு நிறுத்தி வைத்ததைச் சிலர் அவமரியாதை என்றார்கள். அன்று இரவு ஏழரைக்கு ஒழுங்கைக் கடைசியில் உள்ள மூன்று கமராக்களும் அணைந்தன, எழும்பின, திரும்பவும் அணைந்தன. விடியும் வரை இதே கதை. விடிந்ததும் மூன்றும் நல்ல பிள்ளைகளாகிவிட்டன.

காரணம் இதுதான். இருட்டினால் கமரா கண்ணுக்குத் தெரியாத தன் இன்ஃப்ராரெட் விளக்கைப் போடும்; பகலில் ஏறக்குறைய 2 வாற் இழுத்தது இரவில் 6 வாற் இழுக்கும். விலைமனுவில் எழுதியது படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் போக 48 வோல்ற் கொடுக்கும் பி.ஓ.இ. சுவிச். பூட்டியதோ 12 வோல்ற் அடப்டரில் இருந்து கேபிளின் மிச்ச இழைகள் வழியே மின்சாரம் அனுப்பும் மலிவு முறை. பத்து இருபது மீற்றருக்கு அது போதும். எங்கள் மூன்று கேபிள் ஓட்டங்களும் 70 மீற்றருக்கு மேல். பகலில் கமராவடியில் அளந்தபோது ஒன்பதரை வோல்ற் இருந்தது. இரவில் 7க்கு இறங்கியது. அதில் எந்தக் கமராவும் நிற்காது.

தொலைபேசி வயர் வேலையில் ஓய்வுபெற்ற அங்கத்தவர் ஒருவர் கேபிள் நுனியை பிளேட்டால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், இரண்டாம் சுரண்டலில் வெள்ளி போல அலுமினியம். நாலைந்து தரம் மடித்து நிமிர்த்த, இழை பட்டென்று முறிந்தது. பிறகு 80 மீற்றர் ஓட்டத்தின் ஒரு முனையில் ஒரு சோடி இழையை முறுக்கி இணைத்து, மறுமுனையில் மல்ரிமீற்றரை வைத்தோம்: மின்தடை 23 ஓம். நல்ல செம்பென்றால் அந்த நீளத்துக்கு 15ஐத் தாண்டக்கூடாது.

சுவிச் விலைமனுவில் எழுத்தில் இருந்தபடியால், முகம் சுழித்தாலும் ஒப்பந்தக்காரர் தன் செலவில் மாற்றித் தந்தார். கேபிளில்தான் சண்டை. “48 வோல்ற் வந்துவிட்டது, இனி அலுமினியமும் ஓடும், கேபிளை விடுங்கள்” என்பது அவர் பக்கம். உண்மையைச் சொன்னால், ஓடியிருக்கும். இந்த வருடம் ஓடியிருக்கும். ஆனால் உப்புக் காற்றுப் படும் நுனிகளில் செம்புத் தோல் உரிந்த இடத்தில் அலுமினியம் வெள்ளைத் தூளாகும். ஜாக் கடித்த இடத்தில் இழை முறியும். ஒவ்வொரு தடவையும் ஆளைக் கூப்பிட்டு ஏணி வைக்கவேண்டும். மதிலுக்குள் குழாய் பூசி மூடுவதற்கு முன் மாற்றுவது ஒரு செலவு, மூடிய பின் மாற்றுவது மூன்று செலவு. மாற்றினோம். புதுச் செம்புக் கேபிள் பெட்டி 54,000, கூலி 12,000.

இதை ஏன் அவர் தலையில் கட்டவில்லை? நாங்கள் ஏற்றுக்கொண்ட விலைமனுவில் “கேட் 6 கேபிள்” என்று மட்டுமே இருந்தது. “முழுச் செம்பு” என்ற இரண்டு சொல்லை எழுதாமல் கையொப்பம் வைத்தது குழு. அந்த 66,000 ரூபாவும் அந்த இரண்டு சொல்லின் விலை. அடுத்த குழு கேபிள் பெட்டியை இறக்கும்போதே பிளேட்டோடு நிற்கட்டும்.

மிச்சம் 28,500. அதில் 9,500 நீள ஓட்டங்களுக்கு மின்னல் தடுப்பானும் நில வயர்க் கம்பியும். ஐப்பசி கார்த்திகையில் அயலில் எங்கேயோ விழும் இடிகூட நீளக் கேபிளில் மின் அதிர்வை ஏற்றிப் பதிவுப் பெட்டியை எரித்துவிடும். நேரே விழுந்தால் இதுவும் காக்காது, அதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம். 19,000 யூ.பி.எஸ். என்ற மின்கலப் பெட்டிக்கு. கரண்ட் போன பத்து நிமிடந்தான் வீட்டு மோட்டர் காணாமல் போகிற நேரம் என்று வற்புறுத்தியது நீங்கள்தான்.

அடுத்த குறை: கமரா ஏன் இவ்வளவு தாழ்வாக, ஏன் ஒழுங்கை முழுவதும் தெரியவில்லை? 2.8 மில்லிமீற்றர் வில்லை (லென்ஸ்) அகலமாகக் காட்டும், ஆனால் 2 மெகாபிக்சலில் மூன்று மீற்றருக்கு அப்பால் முகத்தை அடையாளம் பிடிக்க முடியாது. சங்கிலி அறுக்கிறவன் மோட்டார் சைக்கிளில் வந்து போகும் வழி மூன்று ஒழுங்கை வாய்களுந்தான். அங்கே மட்டும் 6 மில்லிமீற்றர் போட்டோம். எட்டு மீற்றர் வரை முகம் பிடிக்கும். உயரம் மூன்று மீற்றர். ஐந்தில் பூட்டியிருந்தால் எல்லாருடைய ஹெல்மெட்டையும் அழகாகப் பதிந்து வைத்திருக்கலாம். விளக்குகளைக் கமராவுக்குப் பின்பக்கம் வைத்ததும் இதற்காகத்தான். கமராவைப் பார்த்து எரியும் லைட் ஆளைக் கரிய நிழலாக்கிவிடும். ஆகவே “அவர் வாசலில் லைட், என் வாசலில் இல்லை” என்ற மனுக்களுக்கு வேறு பதில் இல்லை.

பதிவு ஒரு மாதம் நிற்கும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னது கணக்குப் பிழை. கமரா ஒன்றுக்கு விநாடிக்கு 2 மெகாபிற் என்றால் எட்டுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 173 ஜிகாபைற். பதிவுப் பெட்டிக்குள் உள்ள 4 டெராபைற் தட்டு (ஹார்ட் டிஸ்க்) 23 நாளில் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும். களவு நடந்தால் முறைப்பாட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

பதிவுப் பெட்டி பொருளாளர் வீட்டில் இருப்பதுபற்றியும் பேச்சு. சனசமூக நிலையத்தில் இரவில் ஆள் இல்லை. பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால் எட்டுக் கமராவும் வீண். பெட்டி இரும்புக் கூட்டுக்குள், திறப்பு தலைவரிடம், கடவுச்சொல் செயலாளரிடம்; இருவரும் இல்லாமல் பொருளாளரே பார்க்க முடியாது. எழுத்தில் கேட்டால் மட்டுமே பதிவு பார்க்கப்படும், பிரதி பொலிசுக்கு மட்டும். மகன் யாரோடு போனான், மருமகள் எத்தனை மணிக்கு வந்தாள் என்று பார்க்கக் கேட்ட நான்கு பேருக்கும் மறுத்தோம், இனியும் மறுப்போம். கண்முன்னே ஏதும் நடந்தால் கமராவைத் தேடவேண்டாம், 119க்கு அடியுங்கள்.

நன்கொடையாளர் பெயரும் தொகையும் நிலையத்துப் பலகையில் உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றப்போகிற இந்தத் தாளில் பெயர் போடவில்லை: யார் வெளிநாட்டில், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை நாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். கட்டாரிலிருந்து சேர்த்து அனுப்பிய ஆறு பிள்ளைகள், சுவிஸ் குடும்பம், கனடாக் குடும்பங்கள் இரண்டு, முகப்புச் சில்லறைக் கடை, தையல் கடை, சலூன், பேக்கரி, மருந்துக்கடை, ஓட்டோத் தரிப்பிடத்தார், ஓய்வுபெற்ற ஆசிரியைமார் மூவர், ஓட்டைபோடும் மெஷினை இரண்டு கிழமை வாடகையில்லாமல் தந்த மேசன், வேலையாட்களுக்கு ஐந்து நாள் மத்தியானச் சாப்பாடு போட்ட அம்மாமார், பத்து ரூபாக் குற்றிகளாக உண்டியல் உடைத்துக் கொடுத்த பிள்ளைகள். சேர்ந்தது 751,000 ரூபா. கையிருப்பு 16,500.

இந்தக் கையிருப்பைத் தொடக்கூடாது. தட்டு பழுதானால் அதுதான். காசில்லாத வேலை இரண்டு மிச்சம். இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வில்லைக்கு முன்னே ஒரு நூல் வலை இருந்தால் இரவுப் படம் முழுவதும் வெள்ளைப் புகை. நீளத் தடியில் மெல்லிய தூரிகை கட்டி இரண்டு கிழமைக்கு ஒருமுறை துடைக்கவேண்டும். மற்றது, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி பதிவுப் பெட்டியின் மணிக்கூட்டைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிடுவது; அரைமணி பிந்திய பதிவை வழக்கில் எதிராளியின் சட்டத்தரணி விடமாட்டார். முறைப்பட்டியல் பலகையில் உள்ளது. முதல் முறை நடு ஒழுங்கைக்காரருக்கு. தடி சலூன் கடையில் சாத்தியிருக்கிறது.

செயற்குழு