கேட்டில் யார்?

ஏற்காடு

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். என் முட்டிவலி மட்டும் சேலத்துக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்குச் சொல்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பையன் ஆள் வைத்துக் கேட்டில் வீடியோ டோர் போன் மாட்டிவிட்டுப் போனான் அல்லவா? கேட்டில் மணி அழுத்துபவரை வீட்டுக்குள் திரையில் காட்டும், உள்ளிருந்தே பூட்டையும் திறக்கும். வீட்டிலிருந்து கேட்டுக்கு 40 மீட்டர் சரிவு. பனி இறங்கினால் வாசலில் நிற்பது ஆளா மரமா என்று தெரியாது. ஐப்பசி மழையோடு அது படுத்துவிட்டது. படத்தில் கோடு கோடாக ஓடியது. பூட்டைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் பூட்டு ஒரு முனகல் முனகும், திறக்காது. திரை அணைந்து மறுபடி விழிக்கும். மாட்டியவர்கள் வந்து பார்த்துவிட்டு, "கேட்டில் இருக்கும் வெளி யூனிட் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை! யாரிடம்? 30 வருடம் டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்கியவனிடம்.

நம் கோபால் சார் சொல்வாரே, "முதலில் ஜாயின்ட், பிறகுதான் ஜாதகம்" என்று. உள்ளே இருந்த திரையைக் கழற்றிக் கேட்டுக்கே எடுத்துப்போய், ஒரு மீட்டர் கம்பியில் வெளி யூனிட்டோடு இணைத்தேன். படம் கண்ணாடி போல வந்தது. ஆக, சாதனம் நிரபராதி. கம்பியைத் தடவிக்கொண்டே போனால், மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரத்தடியில் வெறும் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. போதாததற்கு எறும்புக் குடித்தனம். வெட்டி எறிந்து, ஈரம் புகாதபடி ஜெல் அடைத்த கனெக்டர் போட்டேன். நீ ஓய்வுபெற்ற அன்று கொடுத்த டப்பாவில் இருந்தவைதான். அவை உன்னிடம் எப்படி வந்தன என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

கோடுகள் போயின. பூட்டு மட்டும் முரண்டு பிடித்தது. கேட்டில் 12 வோல்ட் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் 9. பூட்டு ஒரு ஆம்பியர் இழுக்கிறது. போட்டிருப்பதோ அரை சதுர மில்லிமீட்டர் கம்பி, போக வர 80 மீட்டர், ஏறக்குறைய 3 ஓம் மின்தடை. மூன்று வோல்ட்டைக் கம்பியே தின்றுவிட்டால் பூட்டு என்ன செய்யும்? கேட்டுப் பக்கத்து மோட்டார் கொட்டகையில் பூட்டுக்கென்று தனி சப்ளை வைத்தேன். வீட்டுப் பொத்தான் இப்போது ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்சாரத்திலேயே இயங்கும் சுவிட்சைத் தட்டுவதோடு சரி. அணைக்கும்போது பூட்டின் சுருளில் எழும் மின் உதையை அடக்க அதன் குறுக்கே ஒரு டயோடும் போட்டேன். செலவைச் சொன்னால் அந்தப் பையன்கள் மூக்கில் விரலை வைப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு அம்மா, "குரல் வரவில்லையேடா" என்றார். ஸ்பீக்கரைக் கழற்றினேன், மைக்கை மாற்றினேன், ஒலியளவைக் கடைசிவரை திருகினேன். கேட்டில் நின்று நான் பேச, உள்ளே சரோஜா காதைப் பொத்திக்கொண்டாள். அம்மா மட்டும் அதையே சொன்னார். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் அடுப்படியில் குக்கர் நாலு விசில் அடித்தது. பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார். பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

மணி அழுத்தினால் திரை ஒளிரும் அல்லவா? அவர் ஏன் நாற்காலியை அதற்கு எதிரிலேயே போட்டுக்கொண்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனை மாதமாகவோ தெரியவில்லை, முருகேசா.

உன் அப்பாவைச் சேலத்தில் காது பார்க்க அழைத்துப்போனாயே, மெஷின் வைத்துக்கொள்ள எப்படிச் சம்மதிக்க வைத்தாய்? விவரமாக எழுது. அம்மாவிடம் இன்னும் நான் பேச்செடுக்கவில்லை. முடிந்தால் நீயே ஒரு நடை வா. வந்தால் கேட்டில் நின்று உன் வழக்கப்படி கத்தாதே. மணியை அழுத்திவிட்டு அந்தக் குரங்குத் தொப்பியைக் கழற்று. அம்மாவுக்கு முகம் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ரங்கன்