பேட்டைப் பட்டறைக்கும் நெல்லைச் சீமைக்கும் நன்றி

தீவு அணிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும்: ஒரு சின்னத் தீவு நாட்டிலிருந்து நெல்லைக்கு வந்த மாற்றுத்திறனாளி விளையாட்டு அணியின் த்ரோயிங் சேர், அதாவது வீராங்கனை உட்கார்ந்து குண்டு எறியும் நாற்காலி, விரிசல் விட்டிருந்தது. பெட்டி எந்த நிலையில் வந்து இறங்கியது, யார் யார் கையை விரித்தார்கள் என்று மறுபடி எழுதி யாருக்கும் பயனில்லை. நல்ல சேதியை மட்டும் சொல்கிறோம். இங்கே புதிதாகச் செய்த சேர் போட்டியின் அளவுச் சோதனையில் ஒரே தடவையில் தேறியது. வீராங்கனை தனக்குரிய குண்டு வீச்சுகள் அத்தனையையும் எறிந்தார். சேர் அசைந்தது என்று நடுவர் ஒருமுறைகூடச் சிவப்புக் கொடி தூக்கவில்லை. அணி பத்திரமாகத் தன் நாடு போய்ச் சேர்ந்துவிட்டது. பதக்கம் இல்லை, அதை எதிர்பார்த்து யாரும் போகவுமில்லை.

சின்ன நாடுகளின் அணி எப்படி இருக்கும் என்று நம் ஊரில் பலருக்கு இப்போதுதான் தெரிந்தது. 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில்தான் பூட்டானும் மாலத்தீவும் முதல் தடவையாகக் கலந்துகொண்டன. கிரிபட்டி வந்தது 2024 பாரிஸில். இப்படிப்பட்ட நாடுகளின் அணி மொத்தமும் ஒரு வேனுக்குள் அடங்கிவிடும். பயிற்சியாளரே மேலாளர், அவரே மெக்கானிக், சுமை தூக்குவதும் அவரே. பெரிய நாடுகள் சேருக்கென்றே ஒரு ஆளையும் உதிரிபாகப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வரும். பாராலிம்பிக் என்றால் 1988 சியோல் முதல் ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் பழுதுபார்க்கும் கூடம் நடத்துகிறது. உடைந்த சக்கரம், கழன்ற செயற்கைக் கால் எல்லாம் அங்கே சரியாகும். ஒரு த்ரோயிங் சேரை அடியிலிருந்து புதிதாகச் செய்து, அதில் ஆளை உட்கார வைத்துப் பழக்க அங்கே நேரம் கிடைக்காது. போவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டிய சாமான் அது.

அந்தச் சேர் கிடைத்தது பேட்டையில், வெல்டிங் பட்டறை அண்ணாச்சியிடம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெயரை விட்டுவிட்டோம், வேலையைச் சொல்லாமல் விட முடியாது.

உட்கார்ந்து எறியும் பிரிவு என்றால், 2024 பாரிஸில் நாகாலாந்தின் ஹொகாடோ ஹொடொஷே செமா 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினாரே, அந்த எஃப் 57 பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். எறியாத கையால் ஒரு செங்குத்துக் கம்பியைப் பிடித்து இழுத்து, அந்த இழுப்பை உடம்பு வழியாகக் குண்டுக்குக் கடத்துவதுதான் வித்தை. பழைய அலுமினியச் சேரில் விரிசல் விட்டிருந்தது அந்தக் கம்பியின் அடிவாரத்தில். பிடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு நெம்புகோல் நீளுகிறது. அந்த நெம்பு முழுக்க வந்து விழுவது அடிவாரத்தில்தான். அதனால் உடைகிற சேர் பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

அண்ணாச்சி செய்த முதல் உதவி, ஒட்டித் தர மாட்டேன் என்று சொன்னது. "ஒட்டித் தாரதுக்கு ஒரு மணி நேரம் போதும். ஒட்டின எடம் நிக்கும், அதுக்குப் பக்கத்துல விட்டுரும். அந்தப் பிள்ள அதப் புடிச்சுல்லா இழுக்கப் போவுது? வேண்டாம்." அவர் சொன்னதில் முழு உலோகவியலும் இருக்கிறது. சேர்களுக்கு எடுக்கும் அலுமினியம் பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்திய ரகம். ஆர்கான் வாயு வைத்து டிக் வெல்டிங்கில் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும், வெல்டிங் தையலுக்கு இரண்டு பக்கமும் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய் உலோகம் இளகிவிடும். மறுபடி உலையில் வைத்துப் பதம் ஏற்றினால்தான் பழைய பலம் வரும். சாதாரண ஆர்க் ராடு வைத்து ஒட்டித் தருகிறேன் என்று இதற்குமுன் ஒரு இடத்தில் சொன்னார்கள். அவர்கள் அப்படி ஒட்டியிருந்தால் சேர் போட்டிக் களம்வரை தாக்குப்பிடித்திருக்காது.

இரும்பிலேயே புதிதாகச் செய்வது என்று முடிவானது. விதிமுறையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, சாக்பீஸால் தரையில் எழுதிக்கொண்டார். மெத்தையோடு சேர்த்து உட்காரும் பரப்பு 75 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. இருக்கை சதுரமோ நீள்சதுரமோ, ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இருக்கை மட்டமாக இருக்கலாம், பின்பக்கம் சரியலாம், முன்பக்கம் சரியக் கூடாது. பிடிகம்பி ஒரே துண்டாக, வளைவில்லாமல், வட்டமாகவோ சதுரமாகவோ இருக்க வேண்டும். ஸ்பிரிங், மூட்டு எதுவும் ஆகாது. எறியும்போது சேரின் எந்தப் பாகமும் அசையக் கூடாது. எல்லாம் கேட்டுவிட்டு, "எழுவத்தஞ்சுன்னா எழுவத்திரெண்டுல நிப்பாட்டுவோம்" என்றார். 75க்கு 75 என்று செய்து கொண்டுபோய், அங்கே தளத்தின் சரிவிலும் அளவுகோல் பிடிக்கிற கையிலும் அரை சென்டிமீட்டர் கூடி, மெத்தையைப் பிய்த்தெறிந்துவிட்டு உட்காரும் அணிகள் உண்டு. மெத்தை போனால் உணர்ச்சியில்லாத தோலில் புண் வரும்; அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாது.

சட்டம் முழுக்க 40க்கு 40 சதுர பைப், 2 மி.மீ. தடிமன். கால்களுக்கு மட்டும் 3 மி.மீ. பிடிகம்பிக்கு ஒன்றேகால் இஞ்ச் சி கிளாஸ் (தடித்த ரகம்) கருப்பு பைப், வெளிவிட்டம் 42.4 மி.மீ., கைக்கு அடக்கமானது. ஜி.ஐ. பைப் வேண்டாம் என்றார்: துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் ஒட்டினால் தையலில் பொத்தல் விழும், புகை நெஞ்சைப் பிடிக்கும். கம்பி இறங்கி நிற்கும் உறைக்கு ஒன்றரை இஞ்ச் ஏ கிளாஸ் (மெல்லிய ரகம்) எடுத்து, உள்ளே ஓடும் தையல் வரம்பை வட்ட அரத்தால் ராவி எடுத்தார். அந்த வரம்பு இருந்தால் கம்பி பாதியில் மாட்டிக்கொள்ளும். உறையின் நீளம் 20 செ.மீ. மேல்பாதியை நெடுக அறுத்து, இரண்டு பக்கமும் காது வைத்து, இரண்டு 12 மி.மீ. போல்ட் போட்டு இறுக்கினார். இறுக்க இறுக்க உறை கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். இம்மியும் ஆட்டம் இருக்காது.

கம்பி திரும்பாமல் இருக்க ஊடே ஒரு போல்ட் வேண்டும். உறையின் வாய்ப்பக்கம் போடலாம் என்றுதான் எங்கள் படத்தில் இருந்தது. "பைப்புல எங்க ஓட்டை போடுதியளோ அங்கதான் ஒடியும். அடியில போடுங்க" என்று மாற்றினார். நெம்பு மிக அதிகமாக இருப்பது உறையின் வாயில். அங்கிருந்து கீழே இறங்க இறங்கக் குறைந்து, உறையின் அடியில் ஒன்றுமில்லாமல் போகிறது. துளைக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. படம் வரைந்தவர் படித்த பொறியாளர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

கால்களுக்கு அடியில் ரப்பர் வைக்கவில்லை. ரப்பர் அமுங்கும், அமுங்கினால் சேர் தாலாட்டும், தாலாட்டினால் கட்டிய பெல்ட் தளரும். பத்துக்குப் பத்து செ.மீ. இரும்புத் தட்டுதான் அடியில். இரும்பு என்பதால் எடை கூடிவிட்டது. பெரும்பாலான விமானங்களில் ஒரே உருப்படி 32 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். அதனால் எல்லாம் கழற்றிப் பூட்டும் மாதிரி, இரண்டு கட்டாக, ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குள் அடங்கும்படி செய்தார்.

இதுவரை சொன்னது வேலை. இனிச் சொல்வதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

சாமான் எடுக்கப் போன அன்று, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், இரும்பில் புள்ளி குத்தும் சென்டர் பஞ்சையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதல் பூட்டின், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் இடத்தின், இரண்டு பாகத்திலும் ஒவ்வொரு புள்ளி. இரண்டாம் பூட்டில் இரண்டிரண்டு. இப்படியே எட்டுப் பூட்டுக்கும் எட்டுப் புள்ளிவரை குத்தினார். யாரும் கேட்கவில்லை. காரணம் பிறகு சொன்னார். துளைகளெல்லாம் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாகத் துளைத்தவை. ஒரு காலை இன்னொரு மூலையில் மாட்டினால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். போல்ட்டைத் தட்டி ஏற்றிவிடலாம், ஆனால் நாலு கால் ஒரே மட்டத்தில் தரையில் படாது. ஸ்டிக்கர் உரிந்துபோகும், மார்க்கர் எழுத்து அழியும், பெயிண்ட் அடையாளம் பெட்டிக்குள் உரசித் தேயும். இரும்பில் குத்திய புள்ளி எங்கும் போகாது.

கூடவே இருக்கைச் சட்டத்தின் பைப்புக்குள் ஒரு பழைய துணியில் சுற்றி, எட்டு உபரி போல்ட், எளிதில் தளராத நைலாக் நட், 17, 19ஆம் நம்பர் ஸ்பேனர் இரண்டிரண்டு செருகி அடைத்து வைத்திருந்தார். ஸ்பேனர் ஏன் இரண்டு? ஒன்று போல்ட் தலையைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. ஒற்றை ஸ்பேனரோடு வந்து, பக்கத்து அணியிடம் கடன் கேட்டு நிற்பது இந்தப் போட்டிகளில் சகஜம்.

போட்டி நடந்த ஊரில் சேரைப் பூட்ட வேண்டிய நேரத்தில் பயிற்சியாளர் அதிகாரிகள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். பூட்டியவர்கள் அந்த ஊர்த் தன்னார்வலர்கள் இருவர். அவர்களுக்கு நம் மொழியும் தெரியாது, தீவின் மொழியும் தெரியாது. வீராங்கனை ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். விரலால் தடவித் தடவி மீதியை அவர்களே சேர்த்துவிட்டார்கள். ஒரு கால்கூட மாறவில்லை. அண்ணாச்சி, உங்கள் புள்ளிகள் அங்கே பேசின. இதைப் போனில் சொன்னபோது "சரி, பெயிண்டு உரிஞ்சிருக்கா?" என்றுதான் கேட்டீர்கள். கொஞ்சம் உரிந்திருக்கிறது.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். சேரை நாலு மூலையிலும் இழுத்துக் கட்ட 50 மி.மீ. ராட்செட் பெல்ட் தந்த லாரி ஷெட்காரர்கள், பின்பெல்ட்டில்தான் பாரம் அதிகம் விழும், எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்குங்கள் என்று சொல்லியும் அனுப்பினார்கள். மேலப்பாளையம் தையற்காரர் தொடைப் பட்டைகளுக்குப் பழைய கார்களின் சீட் பெல்ட்டைத் தேடி வாங்கினார். அதிலும் வெயில் படாத பின்சீட்டுப் பெல்ட்டாகப் பார்த்து எடுத்தார், ஏனென்றால் வெளுத்த நாடா பார்க்க நன்றாக இருந்தாலும் இழை செத்திருக்கும். பெட்டித் தையல் போட்டு நடுவே பெருக்கல் குறி இழுத்தார். எலாஸ்டிக் கலக்கவே இல்லை. பாளையங்கோட்டை உடற்கல்வி ஆசிரியர்கள் மைதானத்தில் குண்டு விழ வேண்டிய எறிகளப் பகுதியைக் கோணமானி இல்லாமலே வரைந்தார்கள்: வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டரில் இரு கோடுகளுக்கும் இடையே 12 மீட்டர் இருந்தால் விதி கேட்கும் 34.92 பாகை தானாக வந்துவிடும். பெல்ட் கட்டக் கொக்கி இல்லாத அந்தத் தரையில் கடப்பாரையைச் சேருக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்ததும் அவர்கள்தான்.

சித்த வைத்தியர் ஐயாவுக்குத் தனி வணக்கம். தோள்வலிக்கு லேகியம் கேட்டுப் போனவர்களிடம், உள்ளுக்கு எதுவும் தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். சில சித்த மருந்துகளில் சேரும் எட்டிக் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட பொருள். தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னாலும் தண்டனை வீராங்கனைக்குத்தான். மருந்து இருந்தும் கொடுக்காமல் விட்ட வைத்தியரை எல்லா ஊரிலும் பார்த்துவிட முடியாது.

மைதானத்தைத் திறந்துவிட்ட பள்ளி, சக்கர நாற்காலி ஏறப் பலகை போட்டுவைத்த மெஸ், காசு வாங்க மறுத்து எங்களிடம் திட்டு வாங்கிய ஆட்டோக்காரர், வாகைக்குளம் விமான நிலையத்தில் இரும்புக் கட்டைப் பார்த்து மிரளாமல் பொறுமையாகப் பிரித்துப் பார்த்து அனுப்பியவர்கள், எல்லோருக்கும் நன்றி. அல்வா கொடுத்தவர்களுக்கும்தான். இன்னும் கொஞ்சம் அளவாகக் கொடுத்திருக்கலாம்.

சேரின் அளவுப் படமும், துளை போட உதவிய மரச்சட்ட அச்சும் பட்டறையிலேயே இருக்கட்டும் என்று தீவுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரிப் பக்கம் உட்கார்ந்து எறியும் பிள்ளைகள் யாருக்குச் சேர் தேவைப்பட்டாலும் பைப்புக்கும் போல்ட்டுக்கும் ஆகும் செலவு எங்கள் பொறுப்பு. அண்ணாச்சி கூலியைப் பற்றிப் பேச மறுக்கிறார். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வரும்போது நாலு அளவு எடுத்து வாருங்கள்: முட்டியின் பின்பக்கத்திலிருந்து குதிகால்வரை, பின்முட்டியிலிருந்து பிட்டத்தின் பின்புறம்வரை, உட்கார்ந்த இடுப்பின் அகலம், உட்கார்ந்து கையை நீட்டிக் கம்பியைப் பிடிக்க வசதியான உயரம். எந்தக் கையால் எறிபவர் என்பதையும் சொல்லுங்கள். உறை அதற்கு மறுபக்கம் வர வேண்டும். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், குண்டையும் எடுத்து வாருங்கள். எறிந்து பார்க்காமல் அண்ணாச்சி கடைசித் தையல் போட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது.

இப்படிக்கு,
தீவு அணியின் நெல்லை உதவிக் குழுவினர்