பிள்ளைகளிடம் 'செல்லாது' என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 31 வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலை ஏறி இறங்கியே காலம் போனது. டிக்கெட் கிழித்த நேரத்தைவிடச் சில்லறைக்குப் பையைத் துழாவிய நேரம்தான் அதிகம். அந்த உரிமையில், பிள்ளைகளுக்குச் சில்லறை எண்ணப் பழக்குவது பற்றி இதை எழுதுகிறேன்.

என் பேத்தி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் வீட்டுப்பாடமாக ஒரு தாள் வந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் எல்லாம் படமாக அச்சடித்து, கீழே கூட்டி எழுதக் கட்டம் போட்டிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். எல்லாம் சரி. கெட்டிக்காரிதான் என்று நினைத்து, சட்டைப்பையில் கிடந்த துட்டைத் தரையில் கொட்டினேன். பிள்ளை முழித்தாள். பாதி நாணயம் சிங்கத் தலை மேலே தெரிய விழுந்திருந்தது. தாளில் வரைந்த காசுக்கு ஒரு பக்கம்தானே! புரட்டிப் பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அப்புறம் இருந்ததிலேயே பெரியதாக ஒன்றைப் பொறுக்கி, "இதுதான் அஞ்சு" என்றாள். அது இரண்டு ரூபாய்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 2011-இல் வந்த வரிசையில் இரண்டு ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர், ஐந்து ரூபாய்க்கு 23 மில்லிமீட்டர்தான். 2019-இல் வந்ததில்தான் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்பது 20, 23, 25, 27 என்று படிப்படியாகப் பெரிதாகிறது. கண் தெரியாதவர்கள் தடவியே கண்டுபிடிக்கட்டும் என்று செய்தது, நல்ல காரியம். ஆனால் பழைய காசு ஒழிந்து போய்விடவில்லையே. பதினொரு மூலை உள்ள இரண்டு ரூபாய், தடியான பழைய ஐந்து ரூபாய், புதிது எல்லாம் ஒரே டப்பாவில்தான் கிடக்கின்றன. ராத்திரி வண்டியில் விளக்கு மங்கலாக இருக்கும்போது நானே விளிம்பைத் தடவித்தான் கொடுப்பேன். ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்த விரல் எப்படி வரும்? அதனால் அவளிடம் அளவை நம்பாதே, புரட்டி எண்ணைப் பார் என்று மட்டும் சொன்னேன். 2007 வாக்கில் வந்த முத்திரைக் காசு இதற்கு ரொம்ப உதவி. கட்டைவிரலைத் தூக்கிய கை ஒரு ரூபாய், இரண்டு விரல் நீட்டிய கை இரண்டு ரூபாய். அதைப் பார்த்ததும் அவளும் விரலை நீட்டிச் சிரித்தாள். பத்தில் வெளி வளையம் மஞ்சள், நடுவில் வெள்ளை. இருபதில் அது தலைகீழ், போதாததற்குப் பன்னிரண்டு பக்கம். இதெல்லாம் ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது.

கஷ்டம் அதற்கு அப்புறம்தான். ஐந்து ஒற்றை ரூபாயை ஒரு பக்கமும் ஒரே ஒரு ஐந்து ரூபாயை இன்னொரு பக்கமும் வைத்து எது அதிகம் என்றால், ஐந்து காசு இருக்கிற பக்கத்தைத்தான் காட்டுவாள். வாயால் சொல்லிப் பயனில்லை. நான் டிப்போ காசாளர் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அவள் ஐந்து ஒன்றைக் கட்ட வேண்டும், நான் ஓர் ஐந்தைத் தருவேன். திருப்பிக் கேட்டால் மறுபடி ஐந்து ஒன்று. இப்படி மூன்று சாயங்காலம் போனது.

எண்ணும்போது பெரிய காசில் ஆரம்பிக்க வேண்டும். ஐந்து, பத்து, பதினைந்து என்று வந்து இரண்டு ரூபாயைத் தொடும் இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். பதினைந்துக்கு அடுத்தது பதினேழு என்று வாய் வராது, பழக்கதோஷத்தில் இருபது என்றுவிடும். அங்கே கையைப் பிடித்து ஒரு நொடி நிறுத்தினால் போதும். மீதி கொடுப்பதற்குக் கழித்தல் கணக்கே வேண்டாம். ஏழு ரூபாய் டிக்கெட்டுக்குப் பத்து நீட்டினால், "ஏழு" என்று ஆரம்பித்து எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொரு ரூபாயாகக் கையில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். அவளுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. (ஒன்றரை வயசுத் தம்பி தவழ்ந்து வந்தால் மட்டும் டப்பாவை ஆச்சி பிடுங்கி மேலே வைத்துவிடுவாள். காசை விழுங்கிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.)

இத்தனையும் படித்த பிள்ளையிடம் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, தெருமுனைக் கடையில் கடலைமிட்டாய் வாங்கி மீதியை எண்ணி வாங்கி வா என்று அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தாள். "இது செல்லாதாம் தாத்தா." நான் போய்க் கேட்டேன். நாணயத்தில் பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று யாரோ சொன்னார்களாம். அதோடு, தான் வாங்கினாலும் மொத்தக்கடையில் வாங்க மாட்டார்களாம். அவர் கஷ்டமும் புரிகிறது. ஆனால் பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. யாருக்கும் எடுபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். எல்லையில் உள்ள கோட்டைவாசல் தாண்டி, கேரளாவில் இருக்கிற ஆரியங்காவில் இறங்கி ஒரு டீக்கடைக்குப் போனோம். பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) பன்னிரண்டு ரூபாய். செல்லாது என்று திரும்பி வந்த அதே பத்தை முதலில் வைத்தாள், அப்புறம் இரண்டு விரல் காசு. "பத்து, பன்னெண்டு" என்று எண்ணிவிட்டுச் சந்தேகத்தில் இன்னொன்றையும் எடுத்தாள். கடைக்காரர் "மதி, மோளே" (போதும், மகளே) என்று சிரித்துவிட்டு, குனிந்துகூடப் பார்க்காமல் கல்லாவில் போட்டார். திரும்பி வரும்போது பேத்தி கேட்டாள்: "அது கேரளாத் துட்டா தாத்தா?"

என் அம்மா இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குச் சிரித்திருப்பாள். செங்கோட்டைத் தாலுகா முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1949-க்குப் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அம்மா சின்னப் பிள்ளையாகச் சந்தைக்குப் போன காலத்தில் இங்கே நடமாடியது சக்கரம். பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைக்கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத அம்மா விரலிலேயே போடுவாள். அன்றைக்கு இந்த மலைக்கு இரண்டு பக்கமும் காசு நிஜமாகவே வேறுவேறாக இருந்தது. இன்றைக்கு என்ன வந்தது?

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். படம் போட்ட தாள் இருக்கட்டும், வகுப்புக்கு ஒரு டப்பாவில் ஐம்பது ரூபாய்க்கு நிஜச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கடைக்குப் போகும்போது போனைக் காட்டி ஸ்கேன் செய்வதை வாரத்துக்கு ஒரு நாளாவது விட்டு, பிள்ளை கையில் துட்டைக் கொடுங்கள். கடைக்காரர்களே, பெரியவர்கள் பத்து ரூபாய் நாணயம் தந்தால் உங்கள் பாடு, சண்டை போடுங்கள். ஒரு பிள்ளை எண்ணிக் கொண்டுவந்து நீட்டினால் மட்டும் வாங்கிப் போடுங்கள். மொத்தக்கடையில் வாங்காவிட்டால் என்னிடம் கொடுத்து நோட்டு வாங்கிக்கொள்ளலாம். புளியரை பஸ் நிறுத்தத்தில் பழைய கண்டக்டர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

இதுவரை ஒருவர் வந்தார். பதினேழு நாணயம் கொண்டுவந்தார். பேத்திதான் எண்ணினாள், நூற்று எழுபது என்று சரியாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
புளியரை, தென்காசி மாவட்டம்.