தேநீரும் உடல்நலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேநீர் ஆயுளைக் கூட்டும் என்போர் பெரும்பாலும் சுட்டிக்காட்டுவது, பிரித்தானியாவில் 40 முதல் 69 வயது வரையான ஏறத்தாழ 5 இலட்சம் பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் கண்காணித்து 2022இல் வெளியான ஆய்வையே. நாளொன்றுக்கு 2 அல்லது அதற்கு மேற்பட்ட கோப்பை அருந்தியோரின் இறப்பு அபாயம், அருந்தாதோரைவிட 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் அது மக்களின் வழக்கங்களைக் கவனித்துப் பதிவு மட்டுமே செய்யும் அவதானிப்பு ஆய்வு. தேநீர்தான் காரணம் என அது நிறுவவில்லை.

திருகோணமலையில் விடியற்காலை கரைக்குத் திரும்பும் கடற்றொழிலாளர், கேத்தலிலிருந்து ஊற்றிய பிளேன்ரீயை (பால் சேர்க்காத தேநீரை) ஆவி அடங்கும் முன்பே குடித்து முடிப்பதை நாள்தோறும் காண்கிறேன். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் வகைப்படுத்தியது. குற்றம் சூட்டினுடையது, தேயிலையினுடையதன்று. இரு குவளைகளுக்கிடையே ஆற்றித் தரும் பழக்கத்தைக் கடைக்காரர்கள் அவசரத்தில் கைவிடலாகாது. (குவளையின் அடியில் கரையாது கிடக்கும் சீனி தனிக்கதை.)

இன்னொன்று, சாப்பாட்டுடன் தேநீர் அருந்துவது. தேயிலையில் இயற்கையாக உள்ள பொலிபீனோல்கள் எனும் சேர்மங்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாது தடுப்பதால், இரத்தசோகையுள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது. எங்கள் வீட்டில் இடியப்பத்துடன் வந்த தேநீர் இப்போது பத்து மணிக்குத்தான் வருகிறது. முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை